தருமிக்குக் காசு கிடைச்சிரும், நீ உக்காரு

ஏய்யா பேராண்டி, “பாத்த படத்தையே எத்தனை தடவை தாத்தா பாப்பீக?”ன்னு கேட்டயே, படிச்ச புள்ளை கேக்குற கேள்விதான். பதில் சொல்றதுக்கு முந்தி எனக்கு ஒரு சந்தேகம். மாசாமாசம் நாலு கம்பெனிக்குப் பணம் கட்டி, ஒலகத்துல உள்ள படத்தையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க. சோத்துத் தட்டை மடியில வச்சுக்கிட்டு ரிமோட்டை அமுக்குற. வேலிக்கு வேலி தாவுற வெள்ளாடு மாதிரி இதுல ஒரு கடி, அதுல ஒரு கடி. கொழம்பு ஏடு கட்டிருச்சு, ஒம் பொண்டாட்டி கொட்டாவி விட்டுட்டுப் படுக்கப் போயிட்டா, நீ இன்னும் எதைப் பாக்கலாம்னே பாத்துக்கிட்டு இருக்க. நான் பாத்ததைத் திரும்பப் பாக்குறேன். நீ எதையுமே பாக்காம ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிக்கிற. ரெண்டு பேருல யாரு கெட்டிக்காரன்னு ஒங்க ஆபீஸ்ல மீட்டிங் போட்டுப் பேசிட்டு வந்து சொல்லு.

கெடக்கட்டும். மாசி மாசம் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட எப்படியும் வருவ. நாலு சாமப் பூசை, விடிய விடியக் கண்ணு முழிக்கணும். சாமி பேரைச் சொல்லி முழிக்கிறவுக ஊருக்கு நாலு பேரு. மத்த சனத்தை முழிக்க வச்ச புண்ணியம் ஏ.பி. நாகராஜனுக்குத்தான். ‘திருவிளையாடல்’ வந்தது 1965ல. அதுவும் ஜூலை மாசம்! நம்ம சனந்தான் அதைப் பிடிச்சு இழுத்தாந்து சிவராத்திரியில கட்டிப்போட்டது. டூரிங் டாக்கீஸ் காலத்துல மணலைக் குமிச்சு அதுமேல உக்காந்து பாத்தோம். முன்னால இருக்கிறவன் நம்மளைவிட ஒரு பிடி உசரமாக் குமிப்பான், அதுல ஒரு சண்டை. அப்புறம் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து நடுத்தெருவுல வச்சாக. மொதல்ல சாமி படம், விடியக்காலம் சண்டைப் படம். பக்தி எந்தச் சாமத்துல வடிஞ்சுபோகும்னு டெக்குக்காரனுக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பூசாரிக்குத் தெரியாது. இப்ப டிவிக்காரன் போடுறான். ஆயுத பூசைன்னா ‘சரஸ்வதி சபதம்’, வைகுண்ட ஏகாதசின்னா ‘திருமால் பெருமை’. ஒங்க அப்பத்தாவுக்குப் பஞ்சாங்கமே வேண்டாம், டிவியைப் பாத்தே நாள் சொல்லிருவா.

“கதைதான் தெரியுமே”ங்கிற. ஆமா, தெரியும். தருமிக்கு ஆயிரம் பொற்காசு கிடைச்சிரும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், திண்ணையில படுத்துக் கெடக்குற நாய்க்கும் இந்நேரம் தெரிஞ்சிருக்கும். தெரியாத ஆளு தருமியா வர்ற நாகேஷ் ஒருத்தருதான். அந்த மனுசன் வருசா வருசம் புதுசாப் பயப்படுறாரு. சபைக்குள்ள நுழையிறப்ப இருந்த மெதப்பென்ன, பாட்டுல பிழைன்னு நக்கீரர் வாயைத் தொறந்ததும் சிறுத்துப்போறதென்ன! அவரு படுற பாட்டை நம்ம காலை நீட்டிக்கிட்டு நிம்மதியாப் பாக்குறோம்னா, முடிவு தெரிஞ்ச தெம்புதான். நம்ம வீட்டுக் கஷ்டம் எதுக்காவது முடிவு முன்கூட்டித் தெரியுதா?

ஒண்ணு கவனிச்சியா? குத்தம் கண்டுபிடிக்கிற அந்த நக்கீரரா நடிச்சதே படத்தை எடுத்த நாகராஜன்தான். எடுத்தவரே உள்ள வந்து உக்காந்து குத்தம் சொல்லிட்டுப் போயிட்டாரு, அதுக்கு மேல நீ என்னத்தைச் சொல்லப் போற? “ஸ்க்ரீன்ப்ளே லேக்”னு போன தடவை சொன்ன. யாரோ எழுதுனதை வாங்கிட்டு வந்து சபையில சொந்தச் சரக்கு மாதிரி ஒப்பிச்சா அதுக்குப் பேரு என்ன? தருமியாச்சும் சாமிகிட்ட வாங்குனாரு. நீ போன்ல வாங்குற.

மொதத் தடவை பாக்கையில சிவாஜியைத் தவிர எவனுக்கும் எதுவும் கண்ணுல படாது. பாலையாவைப் பாக்கணும்னா நாலஞ்சு சிவராத்திரி ஆகணும். ஊரையே தம் பாட்டுக்கு அடிமையாக்க வந்த பாகவதரு, திண்ணையில கெடக்குற விறகுவெட்டி பாட்டைக் கேட்டதும் திமிரெல்லாம் எறங்கி, அந்த ராத்திரியே ஊரைக் காலி பண்ணுறாரு. கதையைத் துரத்துற அவசரத்துல இருந்தா அந்த மொகத்தை நீ எங்க பாக்கப் போற?

தூக்கம் இருக்கு பாரு, அதுதான் பெரிய சொகம். புதுப்படத்துல தூங்குனா டிக்கெட்டுக் காசு தண்டம். இதுல ஒங்க அப்பத்தா தக்கன் யாகத்துல தலையைச் சாய்ப்பா. மீனவர் கதை ஆரம்பிச்சு, கடற்கரையில சிவாஜி நெஞ்சை நிமித்தி ஒரு நடை நடப்பாரில்ல, டாண்ணு கொறட்டை நின்னுரும். யாரு எழுப்புனது? யாருமில்ல. நடை முடிஞ்சதும் மறுபடி கொறட்டை.

‘கர்ணன்’ போட்டா மட்டும் தூங்கமாட்டா. 1964 பொங்கலுக்கு வந்த படம். 2012ல மெருகேத்தித் தியேட்டர்ல திருப்பி விட்டப்பயும் கூட்டம் அம்முச்சு. “குடுக்காதய்யா, கவசத்தைக் குடுக்காத”ன்னு இத்தனை வருசமா டிவிகிட்டக் கெஞ்சுறா. அவன் கேக்க மாட்டேங்கிறான். கிருஷ்ணரா வந்த என்.டி. ராமாராவ் ஆந்திராவுக்கு முதலமைச்சராவே ஆயிட்டாரு, இவ இன்னும் மன்னிக்கல.

எல்லாப் பழைய படத்தையும் சொல்லலப்பா. சிலதைத் திரும்பப் பாத்தா, இதுக்கா விசில் அடிச்சோம்னு கூசுது. நல்ல படத்துலயும் நம்ம கட்சி மாறிப்போகுது. சிவன் பெருசா சக்தி பெருசான்னு சண்டை வருமில்ல, எளவட்டத்துல நான் சிவன் கட்சி. இப்ப ஒங்க அப்பத்தா பக்கத்துல உக்காந்திருக்கா. நான் சக்தியா வர்ற சாவித்திரி கட்சி. சோறு வேணுமில்ல.

தீபாவளிக்கு “முதல் முறையாக”ன்னு கத்திக் கத்தி ஒண்ணு போடுவாக, விளம்பரத்துக்கு நடுவுல அஞ்சஞ்சு நிமிசமா. அதை அடுத்த தீபாவளிக்கு யாராச்சும் தேடுனா என்னைக் கூப்பிட்டுச் சொல்லு.

சிவராத்திரிக்கு வா. வந்தா ரெண்டு காரியம் பண்ணாத. அடுத்த வசனத்தை அப்பத்தா சொல்றதுக்கு முந்தி நீ சொல்லாத, அது அவ உரிமை. விளம்பரம் வந்ததும் சேனலை மாத்தாத, திரும்பி வர்றதுக்குள்ள அவ்வையார் மலையேறி வந்து பாடி முடிச்சிருப்பாக. போனை அணைச்சு அடுப்படி மாடத்துல வையி. ரிமோட்டை எங்கிட்டக் குடுத்துட்டு, பிள்ளையை அப்பத்தா மடியில போட்டுட்டு, பேசாம உக்காரு.