புகையும் நெருப்பின்மையும்: டாட்சன் 280 இசட் காரின் பெட்ரோல் மிகை பற்றிய அளவை நூல் ஆய்வு

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது, அனுமான அளவைக்கு அளவை நூலார் வழிவழியாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டாகும். பழைய பெட்ரோல் கார் ஒன்றின் புகைக்குழாயை அவர்கள் கண்டிருந்தால் அந்த எடுத்துக்காட்டைக் கைவிட்டிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதனினும் குறைந்து பெட்ரோல் மிகும் நிலையையே மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்கின்றனர். அந்நிலையில் எரியாது எஞ்சும் கரி கறுப்புப் புகையாக வெளிவருவதால், இங்கே புகை காட்டுவது நெருப்பின் போதாமையையே ஆகும். ஸ்பார்க் பிளக்கில் படியும் உலர்ந்த கரியும், காரின் பின்னால் நிற்பவரின் கண்ணெரிச்சலும், எஞ்சின் ஆயிலில் வீசும் பெட்ரோல் வாடையும் துணைச் சான்றுகளாகும். இவற்றுள் கடைசியானதை எளிதாகக் கொள்ளலாகாது. மிகைப் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள ஆயிலையும் நீர்க்கச் செய்துவிடுகிறது.

இவ்வாய்வு எடுத்துக்கொண்ட கார், 1975 முதல் 1978 வரை வட அமெரிக்கச் சந்தைக்கென்று நிசான் நிறுவனம் டாட்சன் என்ற பெயரில் விற்ற 280 இசட் ஆகும். இதற்கு முந்தைய 240, 260 மாடல்களில் இருந்த கார்புரேட்டர்களை நீக்கிவிட்டு, போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் என்னும் மின்னணு முறை இதன் 2,753 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினில் பொருத்தப்பட்டது. உள்ளே வரும் காற்று ஒரு தகட்டைத் தள்ளித் திறக்க, தகடு திரும்பிய அளவை மின்னழுத்தமாகக் கம்ப்யூட்டர் அறிந்து, ஆறு இன்ஜெக்டர்களையும் கிராங்க் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஒருசேரத் திறக்கிறது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது. ஆகவே ஆணையிடுவதோடு கம்ப்யூட்டரின் கடமை முடிந்துவிடுகிறது, அந்த ஆணை என்ன விளைவித்தது என்று கேட்டறியும் வழி அதற்கு இல்லை. நிர்வாகவியல் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதியதாகத் தோன்றாது.

கார் புகை கக்கத் தொடங்கியதும் உரிமையாளர் முதலில் நாடுவது ஐதிகம் என்னும் அளவையையே. ‘இந்த மரத்தில் பேய் உண்டு’ என்று ஊரார் சொல்லிவருவதை ஆராயாமல் ஏற்பது ஐதிகம். ‘கம்ப்யூட்டர் போய்விட்டது’ என்பது இத்துறையில் அதற்கு இணையான கூற்றாகும். ஓட்டுநரின் காலருகே பக்கப் பலகைக்குள் ஒதுங்கியிருக்கும் அந்தப் பெட்டி, மொத்த அமைப்பில் விலை மிகுந்ததாகவும், பெரும்பாலும் குற்றமற்றதாகவும் இருக்கிறது. ஐயத்தின் வலிமை உதிரி பாகத்தின் விலையோடு சேர்ந்து உயர்வது ஏன் என்பது உளவியலார்க்கு உரிய வினா.

அடுத்து, காற்று வடிகட்டி அடைத்திருப்பதே காரணம் என்னும் வாதம் எழும். கார்புரேட்டர் காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்த இது, இங்கே ஏதுப்போலியாகும். வடிகட்டிக்குப் பின்னரே காற்று அளக்கப்படுவதால், அடைப்பு இருந்தால் காற்றும் குறையும், அதற்கேற்பப் பெட்ரோலும் குறையும், வேகமும் குறையும், விகிதம் மாறாது.

உண்மைக் காரணம் பெரும்பாலும் அபாவம் என்னும் இன்மை அளவையோடு தொடர்புடையது. தெர்மோஸ்டாட் உறையில் திருகப்பட்டுள்ள சிறிய சென்சார், எஞ்சினைச் சுற்றும் நீரின் வெப்பத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அதன் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம்; 80 டிகிரியில் சுமார் 300 ஓம். குளிர் மிகுந்தால் தடை மிகும், தடை மிகுந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை மிகுதியாக ஊட்டும். இனி, ஒயர் அறுந்து தடை எல்லையற்றதாகும்போது நிகழ்வதே ஆராய்தற்குரியது: செய்தி வரவில்லை என்று கொள்ளாமல், எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாத கடுங்குளிர் வந்துவிட்டது என்றே கம்ப்யூட்டர் கொள்கிறது. இணைப்புமுனையில் பச்சை பூத்து வெறும் 2,000 ஓம் கூடினாலும், அரிசோனாவின் கோடை நண்பகலில் கொதிக்கக் காய்ந்த எஞ்சின், அப்போதுதான் விழித்த எஞ்சினாகவே அதற்குத் தோன்றும். எனவே சென்சாரை மட்டும் அளந்து நிறைவடைவது பிழை. கம்ப்யூட்டரின் 35 முனை இணைப்பைக் கழற்றி அந்த முனையிலேயே தடையை அளந்தால்தான், வழியிலுள்ள ஒயரும் துருவும் கணக்கில் வரும்.

அவ்வளவும் சரியாக இருந்தால் அருத்தாபத்தி துணை செய்யும். பகலில் உண்ணாத ஒருவன் பருத்துக்கொண்டே போனால், அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வது அவ்வளவை. கம்ப்யூட்டர் அளந்து ஊட்டியது சரியாக இருந்தும் பெட்ரோல் மிகுமானால், எங்கோ கள்ளத்தனமாக நுழைகிறது என்பது பெறப்படும். பெட்ரோல் அழுத்தத்தைச் சீர்செய்யும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றும்போது அது ஈரமாக இருந்தால், உள்ளிருக்கும் சவ்வு கிழிந்து, பெட்ரோல் அக்குழாய் வழியாக நேரே எஞ்சினுக்குள் உறிஞ்சப்படுகிறது என்று அறியலாம். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பீச்ச வேண்டிய தனி வால்வு ஓயாது ஒழுகி, ஏழாவது இன்ஜெக்டராகப் பணியாற்றுவதும் உண்டு. இவை ஐயத்துக்கு இடமற்றவை. காண்டல் அளவையே போதும்.

செலவற்ற சோதனை ஒன்றும் இங்கே குறிக்கத் தக்கது. ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே புகும். கலவை சரியாக உள்ள எஞ்சின் தடுமாறும், ரிச்சாக ஓடுவதோ சற்றுச் சீராகிவிடும்.

இறுதியாக முந்தைய உரிமையாளர் என்னும் காரணி உள்ளது. காற்றை அளக்கும் கருவியின் கறுப்பு மூடியைப் பெயர்த்தால், தகட்டின் ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ உதவும் பல்சக்கரம் ஒன்று தெரியும். துருப்பிடித்த இணைப்பைத் துடைப்பதற்கு மாறாக அச்சக்கரத்தைச் சில பற்கள் இறுக்கி, தகடு குறைவாகத் திறக்கும்படி செய்து புகையை அடக்கியவர் எத்தனை பேர் என்பது கணக்கில் இல்லை. அத்தகைய காரில் மேற்கூறிய முறைப்படி உண்மைக் காரணம் கண்டறியப்பட்டு ஒயரும் செம்மையாக்கப்பட்டால், எஞ்சின் உடனே பெட்ரோல் போதாமல் திணறத் தொடங்கும். பெட்ரோல் குறை இவ்வாய்வின் எல்லைக்கு உட்பட்டதன்று.