பள்ளத்தை எட்டிப் பார்த்தல்: ஓர் ஆய்வுரை

தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள். அதனால் கால் காசு ஆதாயமில்லாத ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார். ஏன்? இக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். காரணமின்றி ஒன்றை அறிய விரும்பும் உரிமை பெரியவர்களுக்கு மிஞ்சியிருக்கும் கடைசி இடம் பள்ளம்தான் என்பது கருதுகோள்.

முதலில் ஆய்வெல்லை. பொக்லைன் ஓட்டுநர், மேஸ்திரி, தன் வீட்டுக் குழாயை உடைத்துவிடுவார்களோ என்று பதறி வந்த வீட்டுக்காரர் ஆகியோர் விலக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. பால் வாங்கப் போன வழியில் நின்றுவிட்டவர், வந்த பஸ்ஸை விட்டவர், இறங்கக் கூச்சப்பட்டு பைக்கில் ஒரு காலை ஊன்றி நிற்பவர் ஆகியோரே முதன்மைத் தரவு. இவர்களின் முதல் வினா பெரும்பாலும் “என்ன சார், கேபிளா?” என்பது. அடுத்தது, “இப்பதானே ரோடு போட்டாங்க?” இந்த இரண்டாவது வினா அறிவு வேட்கையில் அடங்குமா, அரசியல் விமர்சனத்தில் அடங்குமா என்பது முடிவாகாத சர்ச்சை.

கூட்டம் சேர்வதற்குக் கணக்கு உண்டு. 1968-ல் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் நியூயார்க் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி, ஆறாவது மாடி சன்னல் ஒன்றை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் பார்த்தபோது, கடந்து போனவர்களில் நூற்றுக்கு 4 பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 பேர் நின்றார்கள். தலையையாவது உயர்த்தியவர்கள் 86 பேர். வெறும் சன்னலுக்கே இத்தனை மரியாதை. பள்ளத்தில் மண்ணாவது இருக்கிறது.

அதே நகரில் 1930களில் ராக்கஃபெல்லர் மையம் கட்டப்பட்டபோது, வேலையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரைக் காவலாளி “நகரு, நகரு” என்று விரட்டினாராம். விரட்டப்பட்டவர் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர், அதாவது முதலாளி. பிறகு வேடிக்கை பார்ப்பவர்களுக்கென்று அங்கே கொட்டகை போடப்பட்டது. 1938-ல் உறுப்பினர் அட்டையுடன் ஒரு சங்கமே உருவானது. இத்தாலியின் பொலோன்யா நகரில் இத்தகைய முதியவருக்கு ‘உமரெல்’ என்று தனிப் பெயர் உண்டு. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பது அவருடைய இலக்கணம். நம் ஊரில் கைகள் முன்னால் கட்டப்பட்டிருக்கும், அல்லது லுங்கியை மடித்துப் பிடித்திருக்கும். மற்றபடி மரபு ஒன்றே.

பயன் என்ன என்று கேட்போருக்குப் பல்லாவரம் பதில் சொல்லும். 1863 மே 30 அன்று, அங்கே ராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டிய சிறு பள்ளத்திலிருந்து வாரிப் போட்ட குப்பையை நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கூர்ந்து பார்த்தார். அதில் மனிதக் கையால் செதுக்கிய கல் ஒன்று கிடந்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்றாகக் கருதப்படும் கல் அது. அதே ஆண்டு அவர் வில்லியம் கிங்குடன் திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்தில் மேலும் கற்கருவிகளைக் கண்டார். அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஃபூட் நிலவியல் அளவைத் துறையில் சம்பளம் வாங்கியவர். விலக்குப் பட்டியலில் சேர வேண்டியவர் அல்லவா? ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. அவருக்குச் சம்பளம் பாறைக்கு. அந்தப் பாறையை எவனோ ஒருவன் எதற்குச் செதுக்கினான் என்ற கேள்விக்கு அரசு ஒரு பைசா தரவில்லை. கீழடியும் இப்படித்தான். 1970களில் அங்கே கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருட்களைப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோனார்கள். அவரும் “மண்ணைக் கிளறாதே, பாடத்தைப் படி” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 2015-ல் முறையான அகழாய்வு தொடங்கியது. 2019-ல் குழிகளைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் வந்தது. அப்போது யாரும் அவர்களை வெட்டியாக நிற்பவர்கள் என்று சொல்லவில்லை.

போர்வெல் போடும் இடம் தனி இயல். திருச்செங்கோட்டு ரிக் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் இரவு முழுக்க யாருக்கும் தூக்கமில்லை என்பது ஒரு காரணம், “எத்தனை அடி போயிருக்கு?” என்பது பெரிய காரணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், விடை தெரிய ஆவலாக இருந்த கேள்விக்குக் காத்திருந்தவர்களிடம் இடையே சம்பந்தமில்லாத முகங்களைக் காட்டினார்கள். ஆவல் மிகுந்த நேரத்தில் கண்ட முகங்கள் அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன. தண்ணீர் வந்ததா என்று காத்து நின்றவர், அன்று பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதைப் பல வருஷம் கழித்தும் சொல்வதற்கு இதுவே விளக்கமாகலாம்.

தரவில் ஒரு குறை உண்டு. பள்ளத்தோரம் பெண்கள் அரிது. ஆவல் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அவர்கள் சன்னல் வழியாக, துணி உலர்த்தும்போது, குப்பை கொட்டப் போகும்போது பார்த்துவிடுகிறார்கள். கேபிளா தண்ணீர்க் குழாயா என்ற விவரமும் அவர்களிடம்தான் சரியாகக் கிடைக்கிறது. வெறுமனே நிற்க நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு ஆய்வுக்குரியது.

கடைசியாகப் பரிந்துரை. சென்னை மெட்ரோ போன்ற பெரிய பள்ளங்களைச் சுற்றி ஆளுயரத் தகரம் அடித்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனால் உள்ளே ராட்சத எந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டிருக்க, வெளியே ஒரு நகரமே தகரத்தைப் பார்த்தபடி போகிறது. நியூயார்க்கில் செய்வதுபோல இடையிடையே கண்ணாடிச் சன்னல் வைக்கலாம். பெரியவர்களின் கண்மட்டத்தில் இருந்தால் போதும். குழந்தைகளுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். அவர்கள் எப்படியும் தகரத்துக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.