எழுந்து போகத் தெரிந்தவர்கள்

அமெரிக்கக் குடியரசின் முதல் அதிபர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரப் பதில்கள்.

மாணவர், திருநெல்வேலி: ஜார்ஜ் வாஷிங்டன் செய்த ஆகப் பெரிய காரியம் எது?

வீட்டுக்குப் போனது. அதுவும் இரண்டு தடவை. விடுதலைப் போரில் வென்ற கையோடு 1783 டிசம்பரில் தளபதிப் பதவியைக் காங்கிரஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மவுண்ட் வெர்னான் பண்ணைக்குத் திரும்பினார். படை கையில் இருந்தது, மக்களின் அன்பும் இருந்தது. முடி சூட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்? 1797-ல் இரண்டு பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி அதே பண்ணைக்குப் போனார். ஒருவர் எத்தனை முறை அதிபராகலாம் என்று அன்றைய அரசியல் சாசனம் வரம்பு வைக்கவில்லை. அவர் நடந்த பாதையே வரம்பானது. பின்னாளில் மூன்றாம் முறைக்கு முயன்றவர்கள் உண்டு. 1940-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வரும்வரை வென்றவர் இல்லை. 1951-ல்தான் அந்த வழக்கம் 22-ஆவது திருத்தமாகச் சாசனத்தில் ஏறியது.

இல்லத்தரசி, கும்பகோணம்: அதிபரை ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ என்று மட்டும் கூப்பிடுகிறார்களே, பட்டமெல்லாம் கிடையாதா?

கிடைத்திருக்கும், மயிரிழையில் தப்பினார்கள். 1789-ல் செனட் குழு ஒன்று ‘மேன்மை தங்கிய’ என்று தொடங்கி, ‘சுதந்திரங்களின் காவலர்’ என்று முடியும் நீளமான பட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. துணை அதிபர் ஜான் ஆடம்ஸுக்கும் இத்தகைய பட்டங்களில் ஆசை. பிரதிநிதிகள் சபை ஒப்பவில்லை. வெறும் ‘அதிபர்’ போதும் என்றது. ஆடம்ஸின் பருத்த உடலைப் பார்த்து, ‘மேதகு உருண்டையார்’ என்று அவருக்கே ஒரு பட்டம் கட்டிவிட்டார்கள் எதிராளிகள்! தலைவரின் பட்டம் நீள நீளக் குடிமகன் குட்டையாகிப் போவான். அதை முதல் மாதங்களிலேயே புரிந்துகொண்ட தேசம் அது.

வழக்கறிஞர், சேலம்: சாசனம்தான் எழுதியாகிவிட்டதே, அதிபர்கள் புதிதாக உருவாக்க என்ன இருந்தது?

வரைபடம் கையில் இருந்தால் போதுமா, குடித்தனம் நடத்த வேண்டாமா? அதிபரின் அமைச்சரவை என்ற ஏற்பாடு சாசனத்தில் கிடையாது. துறைத் தலைவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் பழக்கத்தை உண்டாக்கியவர் வாஷிங்டன். ஒப்பந்தங்களுக்குச் செனட்டின் ‘ஆலோசனையும் ஒப்புதலும்’ வேண்டும் என்கிறது சாசனம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு 1789 ஆகஸ்டில், கிரீக் பூர்வகுடிகளுடனான ஒப்பந்தம் பற்றி ஆலோசனை கேட்க வாஷிங்டன் செனட்டுக்கு நேரிலேயே போனார். குழுவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று செனட்டர்கள் இழுத்தார்கள். கோபம் வந்துவிட்டது அவருக்கு. அந்த விவகாரம் முடிந்தபின் ஆலோசனை கேட்டு அந்தப் படி ஏறவில்லை. முதலில் பேசி முடிப்பது, பிறகு ஒப்புதலுக்கு அனுப்புவது என்று இன்றுவரை நடக்கும் முறை அந்த ஒரு நாள் கசப்பில் வேர் விட்டது.

வங்கி ஊழியர், ஈரோடு: அமைச்சரவையில் எலியும் பூனையுமாக இருந்த ஹாமில்டனையும் ஜெஃபர்சனையும் வாஷிங்டன் ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்?

இருவரும் ‘ஆமாம் சாமி’ போட்டிருந்தால் ஒரே கருத்துக்கு இரண்டு நகல்தான் கிடைத்திருக்கும். 1791-ல் தேசிய வங்கி மசோதா வந்தபோது, இது சாசனத்துக்குப் பொருந்துமா என்று இருவரிடமும் எழுத்தில் கருத்துக் கேட்டார். கூடாது என்றார் ஜெஃபர்சன், கூடும் என்றார் ஹாமில்டன். இரண்டையும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டார். முடிவெடுப்பவருக்கு முதல் தகுதி, எதிர்வாதத்தை முழுசாகக் கேட்கும் பொறுமை.

ஆசிரியை, விருதுநகர்: ஜான் ஆடம்ஸ் ஒரே முறை இருந்து தோற்றவர்தானே?

அவர் தோற்ற விதத்தில்தான் குடியரசு ஜெயித்தது. குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசை விமர்சித்து எழுதினால் சிறை என்ற 1798-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது அழியாத கறை. ஆனால் சொந்தக் கட்சிக்காரர்களே பிரான்சோடு முழுப் போர் கேட்டபோது, தூதர்களை அனுப்பி 1800-ல் சமாதானம் முடித்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். 1801 மார்ச் 4, விடிவதற்கு முன்பே தலைநகரை விட்டுக் கிளம்பினார். ஜெஃபர்சனின் பதவியேற்புக்கு நிற்கவில்லை. கோபத்தோடுதான் போனார், ஆனால் போனார். ஒரு கட்சி கையிலிருந்து எதிர்க்கட்சி கைக்கு அதிபர் பதவி மாறிய முதல் தடவை அது. ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை.

வணிகர், திண்டுக்கல்: இந்தக் கதையில் நமக்கு ஏதாவது ஒட்டு உறவு உண்டா?

உங்கள் ஊருக்கே உண்டு. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், சில ஆண்டுகளில் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாங்கிய பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று.

பொறியாளர், கோவை: சாசனத்தை வரி பிசகாமல் பின்பற்றச் சொன்ன ஜெஃபர்சன், பிரான்சிடமிருந்து லூசியானாவை எப்படி வாங்கினார்?

மனசாட்சி உறுத்த உறுத்த வாங்கினார். 1803-ல் விலை ஒன்றரைக் கோடி டாலர். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. நிலம் வாங்க அதிபருக்குச் சாசனம் அதிகாரம் தரவில்லையே என்று திருத்தம் கூட எழுதிப் பார்த்தார். நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் அதை மூட்டை கட்டினார். விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை, அந்த மண்ணில் வாழ்ந்த பூர்வகுடிகளை.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: மனிதர் யாவரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனம் எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தாராமே?

ஆமாம். வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை. முதல் ஐந்து அதிபர்களில் ஆடம்ஸ் ஒருவர்தான் அடிமை வைத்திராதவர். தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்க வாஷிங்டன் உயில் எழுதினார். அதுவும் மனைவியின் காலத்துக்குப் பிறகு என்று. தங்கள் காலத்திலேயே தீர்த்திருக்க வேண்டிய கடனைப் பேரப்பிள்ளைகள் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். அடிமைமுறையை ஒழிக்க 1865 வரை ஆனது. அதையொட்டி மூண்ட உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களைப் பாராட்டும் எந்தப் புத்தகமும் இந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை: முடிவாக, அவர்களிடம் நாம் கற்க ஒன்றே ஒன்று சொல்லுங்கள்?

சட்டம் போடும் வேலி ஓரளவுக்குத்தான் உயரும். தாண்டக்கூடிய பலம் இருந்தும் தாண்டாமல் நிற்கும் மனிதர்கள் மீதி உயரத்தைச் சேர்க்கிறார்கள். நாட்டுக்கு மட்டுமல்ல, தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இது பொருந்தும். அடுத்த முறை ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எப்படி ஆள்வார் என்று கேட்டுவிட்டு, எப்படி இறங்குவார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.