தேனீக்குச் சம்பளம் யார் தருவார்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பூவையும் பூச்சியையும் சுற்றியே இருந்தன. மீதியை, அதாவது அரசியலை, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். பூச்சிகள் கோபித்துக்கொண்டால் கொட்டும்.

அமெரிக்காவில் தேனீக்களை வாடகைக்கு விடுகிறார்களாமே, நிஜமா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திண்டுக்கல்

நிஜம்தான். ஒப்பந்தம் போட்டு, ரசீது கொடுத்து விடுகிறார்கள். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் சுமார் 13 லட்சம் ஏக்கரில் பாதாம் நிற்கிறது. உலகப் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் விளைகிறது. பிப்ரவரி நடுவில் மொத்தத் தோட்டமும் பூக்கும். மூன்று வாரத்தில் கொட்டிவிடும். பெரும்பாலான பாதாம் ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. அதனால் வரிசைக்கு வரிசை ரகம் மாற்றி நடுகிறார்கள். இந்த வரிசைத் தூளை அந்த வரிசையில் சேர்க்க ஆள் வேண்டுமே! ஏக்கருக்கு 2 பெட்டி என்ற கணக்கில் 20 லட்சத்துக்கும் அதிகமான தேனீப் பெட்டிகள் ஃப்ளோரிடா முதற்கொண்டு பல மாநிலங்களிலிருந்து லாரி ஏறி வருகின்றன. பெட்டிக்கு வாடகை 200 டாலர் அளவில். பாதாம் தேன் கசக்கும் என்பதால் அதை யாரும் நம்பி வருவதில்லை, வேலைக்குத்தான் காசு. உழைப்பது தேனீ, காசோலை வாங்குவது முதலாளி. அந்த ஏற்பாட்டில் மட்டும் புதுமை ஒன்றுமில்லை.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானே? இதில் மனிதனுக்கு என்ன வேலை? – கல்லூரி மாணவர், கோவில்பட்டி

தம்பி, அந்தக் காலுக்கு பூட்ஸ் போட்டு ராத்திரி இரண்டு மணிக்குச் சேற்றில் நிற்க வைத்துவிடுவார்கள். பகலில் தேனீக்கள் வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். எல்லாம் கூடு திரும்பிய பிறகு, இருட்டில்தான் பெட்டியை ஏற்றி இறக்க முடியும். ஒரு லாரியில் 400 பெட்டிக்கு மேல் அடுக்கி, வலை போர்த்தி ஓட்டுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு வண்டியை வெகுநேரம் நிறுத்தினால் உள்ளே இருப்பவை வெந்துபோகும்.

வருவதற்கு முன்னேயும் வேலை. குளிர்காலத்தில் பூ கிடையாது. சர்க்கரைப் பாகும் புரத மாவு உருண்டையும் கொடுத்துக் கூட்டத்தைப் பெருக்க வேண்டும். வந்து இறங்கியதும் சோதனைக்காரர் வருவார். மூடியைத் திறந்து சட்டங்களைத் தூக்கிப் பார்த்து, இரு பக்கமும் தேனீ அப்பியிருக்கும் சட்டம் எத்தனை என்று எண்ணுவார். 8 சட்டம் நிறைந்திருந்தால் முழு வாடகை, குறைந்தால் பேரம். பூ முடிந்த மறுநாளே அங்கே தேனீக்குப் பட்டினி, ஏனென்றால் தோட்டத்தில் வேறு செடியே விட்டு வைப்பதில்லை. உடனே ஏற்று வண்டியில்: வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள், மெய்ன் மாநிலத்து ப்ளூபெர்ரி, கோடையில் டகோட்டா புல்வெளியில் தேன். வருஷம் முழுக்க ஊர் ஊராக ஓடும் பிழைப்பு.

இவ்வளவு விலை என்றால் திருட மாட்டார்களா? – காவல்துறை நண்பர், ஊர் வேண்டாம்

திருடுகிறார்கள். ஒவ்வொரு பாதாம் பருவத்திலும் புகார் வருகிறது. இதில் விசேஷம், திருடன் வெளியாள் இல்லை. பெட்டியைத் திறக்காமல் தூக்கி, கொட்டு வாங்காமல் லாரியில் ஏற்றத் தெரிந்தவன் தொழில்காரனாகத்தான் இருக்க வேண்டும். சந்தேகப் பட்டியல் சிறியது, உங்களுக்கு வேலை சுலபம்.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்தில் ரப்பர் தேன் பிரசித்தம். ரப்பர் மரத்தில் அவ்வளவு பூவா பூக்கிறது? – இல்லத்தரசி, குழித்துறை

பூவே தேவையில்லை அக்கா. ரப்பர் இலை உதிர்த்து, வருஷத் தொடக்கத்தில் புதுத் தளிர் விடும்போது மூன்று இலையும் சேரும் காம்பு நுனியைக் கிட்டே பாருங்கள். அங்கே சின்னச் சுரப்பிகள். அவற்றில் இனிப்பு நீர் கசிந்து நிற்கும். தேனீ குடிப்பது அதைத்தான். ரப்பர் பாலுக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் சம்பந்தமில்லாததால், அங்கே தேனீ வேலைக்கு வந்த ஆள் இல்லை, விருந்தாளி. அதனால்தான் இங்கே காற்று மாறி அடிக்கிறது: கலிஃபோர்னியாவில் தோட்டக்காரர் பெட்டிக்காரரைத் தேடிப் போகிறார், நம் பக்கம் பெட்டிக்காரர்தான் ஜனவரியில் எல்லை தாண்டிக் கேரளத்து எஸ்டேட்களில் இடம் கேட்டு நிற்கிறார்.

இன்னொரு சங்கதியும் சொல்லிவிடுகிறேன். 1910-களில் நம் தேனீயின் உடம்புக்கு அளவெடுத்து நியூட்டன் பெட்டியை உருவாக்கியவர் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன். ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்லை. அவருக்குப் புவியீர்ப்பு, இவருக்குப் பூவீர்ப்பு.

மழைக்காலத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்கு விடுமுறையா? – ஆசிரியை, நாகர்கோவில்

பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை உண்டு, பெட்டிக்கு இல்லை. ஜூனில் மழை பிடித்தால் பூவில் இருப்பதையும் தண்ணீர் அலசிவிடும். சர்க்கரைப் பாகு காய்ச்சி மாலையில் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் – தேனீக்களைச் சொல்கிறேன் – கொள்ளையடிக்க வருவார்கள். எறும்பு ஏறாமல் பெட்டிக்காலின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும். ஆள் குறைந்த கூட்டில் மெழுகு அந்து புகுந்து அடையை வலை பின்னிவிடும். காலி அடைகளை எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது நோய்க்கு. 1991–92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் வாரிக்கொண்டு போனது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், உள்ளே நீர் கோத்த சிறு பையாகிச் சாகும். இடுக்கியால் இழுத்தால் பையாகவே வரும். அன்று தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் குமரிக்காரர்கள் மறுபடி எழுந்தார்கள்.

சீனாவில் மனிதர்களே மரமேறி மகரந்தச் சேர்க்கை செய்கிறார்களாம். வேறு வேலையில்லையா? – வியாபாரி, விருதுநகர்

அதுதான் வேலையே. சிச்சுவானின் ஹன்யுவான் பகுதியில் பேரிக்காய்த் தோட்டங்கள். பூக்கும் சில நாட்களில் குடும்பத்தோடு மரத்தில் இருப்பார்கள். வேறு ரகத்துப் பூக்களைப் பறித்து, மகரந்தப் பைகளைப் பிரித்து, காயவைத்துத் தூளெடுத்து, கோழி இறகு கட்டிய மூங்கில் குச்சியால் பூப்பூவாகத் தொட்டு வைக்கிறார்கள். இந்த நிலைக்குக் காரணம் இரண்டு. நல்ல விலை போகும் ரகத்துக்கு அயல் ரக மகரந்தம் வேண்டும்; இரண்டும் ஒரே நாளில் பூக்கும் என்று உறுதியில்லை. இரண்டாவது, மருந்தடிக்கும் வேகத்தைப் பார்த்துப் பெட்டிக்காரர்கள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதில்லை. தேனீ ஓசியில் செய்த வேலைக்கு இப்போது நாள்கூலி.

நம் நாட்டில் அப்படிக் கையால் செய்யும் பயிர் உண்டா? – வேளாண் பட்டதாரி, ஆத்தூர்

பதில் இருக்கும் ஊரிலிருந்தே கேள்வி வந்திருக்கிறது! வீரிய ஒட்டுப் பருத்தி விதை. 1970-இல் சூரத்தில் சி.டி.படேல் ஹைப்ரிட்-4 ரகத்தை வெளியிட்டார். வணிக முறையில் உலகின் முதல் ஒட்டுப் பருத்தி அதுதான். அந்த விதையை உண்டாக்கக் கைதான் வழி. மறுநாள் விரியப்போகும் மொட்டைச் சாயங்காலம் தேடிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் இதழையும் மகரந்தக் குழலையும் சூல்தண்டு நோகாமல் சுற்றி உரிக்க வேண்டும். காகித உறை போட வேண்டும். காலையில் ஆண் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும். ஆண் பூ ஒன்றில் நாலைந்து பெண் பூவைத் தொடலாம். ஒரு பருவத்தில் இரண்டு மூன்று மாதம் தினமும் இதே வேலை.

பெண்கள்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். "சின்ன விரல்தான் லாவகமாக ஓடும்" என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண்பிள்ளைகளைப் பல மாநிலங்களில் வயலில் இறக்கிய கதையும் பதிவாகியிருக்கிறது. விரல் சின்னது என்றவர்கள் கூலியையும் அதே அளவுக்குத்தான் கொடுத்தார்கள்.

வெனிலாவையும் கையால்தான் சேர்ப்பார்களாமே? – ஐஸ்கிரீம் பிரியை, பொள்ளாச்சி

ஆமாம். பூ ஒரே ஒரு காலைதான் விரிந்திருக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு சவ்வு. அதைச் சிறு குச்சியால் நெம்பி, பெருவிரலால் அழுத்திச் சேர்க்கும் வழியை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் ஆல்பியஸ். அடிமையாக இருந்த 12 வயதுப் பையன். வெனிலாவால் எத்தனையோ பேர் பணக்காரரானார்கள். அவர் வறுமையில் செத்தார். அடுத்த கப்பைக் காலி செய்யும்போது அவர் பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி மனிதனின் வேலையைப் பறித்தது உண்டா? – தொழிற்சங்கத் தோழர், திருப்பூர்

உண்டு, தோழரே. மலேசியாவில் எண்ணெய்ப்பனைக்கு ஆள் வைத்துத்தான் மகரந்தம் தூவினார்கள். தமிழர்கள் திரளாக உழைத்த எஸ்டேட்களில் அதுவும் ஒரு கூலி வேலை. ஆப்பிரிக்காவில் இந்தப் பனைக்கு ஒரு கூன்வண்டு துணை என்று பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் காட்டினார். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சோம்பு வாசம் வீசும் ஆண் பூவில் அது முட்டையிடும், அதே வாசத்தை நம்பிப் பெண் பூவுக்கும் போகும். மகரந்தம் தூவிய வேலை அத்தோடு முடிந்தது. நஷ்டஈடு கேட்டு வண்டின்மேல் வழக்குப் போட முடியவில்லை.

மாடித் தோட்டத்தில் பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போதவில்லையா? – குடும்பத்தலைவி, தாம்பரம்

உரத்தைக் குறை சொல்லாதீர்கள், மாப்பிள்ளை வரவில்லை. காலை எட்டு மணிக்குள் போங்கள். பிறகு பூ வாடத் தொடங்கிவிடும். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. வெறும் காம்பில் நின்றால் ஆண். ஆணைப் பறித்து இதழை உரித்து, பெண் பூவின் நடுவிலுள்ள மடல்கள் எல்லாவற்றிலும் படும்படி தடவுங்கள். ஒரு மடல் விட்டுப்போனால் காய் கோணலாகும். புடலையோ ராத்திரி பூக்கும், அந்துப்பூச்சி வரும். மாடிக்கு டார்ச் எடுத்துப் போங்கள்.

பசுமைக்குடில் தக்காளிக்குத் தேனீப் பெட்டி வாங்கலாமா? – விவசாயி, ஓசூர்

வேண்டாம். தக்காளிப் பூ மகரந்தத்தைக் குழலுக்குள் பூட்டி வைத்திருக்கும், உலுக்கினால்தான் உதிரும். அந்த உலுக்கல் பெட்டித் தேனீக்குத் தெரியாது, நீலப் பட்டைத் தேனீக்குத் தெரியும். ஐரோப்பாவில் பூங்கொத்து தோறும் மின் அதிர்வுக் கருவி வைக்க ஆள் போட்டிருந்தார்கள். 1980-களின் கடைசியில் பம்பிள் தேனீயை வளர்த்து விற்க ஆரம்பித்ததும் கருவி மூலைக்குப் போனது. உங்கள் குடிலில் கொடி கட்டிய கம்பியைக் காலையில் தட்டிவிடுங்கள், போதும்.

வாழைக்கு ஏக்கருக்கு எத்தனை பெட்டி? – வாசகர், தேனி

பூஜ்யம். நம் வாழை சேர்க்கை இல்லாமலே காய்க்கும் பிரம்மச்சாரி. தேனீ வந்து தேன் குடித்துப் போகும், அவ்வளவுதான்.

தேனீ அழிந்தால் 4 வருஷத்தில் மனித இனமே அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னாரே? – வாட்ஸ்அப் வாசகர், கரூர்

அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றுக்கும் தேனீ தேவையில்லை; சோறு கிடைக்கும். ஆனால் உலகின் 115 முக்கிய உணவுப் பயிர்களில் 87-க்கு விலங்குகளின் சேர்க்கையால் ஏதோ ஓர் அளவில் பலன் உண்டு. இனம் அழியாது, இலையில் சோறும் உப்பும் தவிர அதிகம் இருக்காது.

முருங்கைத் தோட்டத்து ஓரம் பட்டுப்போன மரம் நிற்கிறது. வெட்டிவிடவா? – விவசாயி, அரவக்குறிச்சி

விட்டு வையுங்கள். முருங்கைப் பூவை நன்றாகச் சேர்த்து வைப்பது பெரிய கருந்தேனீ. துளை போட்டுக் குடியிருப்பது பட்ட மரத்தில். வெட்டினால் விறகு வரும், காய் குறையும். மருந்தடித்தே ஆகவேண்டுமென்றால் பூ இருக்கும்போது வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் பூச்சிகள் அடங்கிய சாயங்காலத்தில் அடியுங்கள். பக்கத்துப் பெட்டிக்காரருக்கு முதல்நாளே ஒரு போன் போடுங்கள்.

என் மகன் பி.ஈ. முடித்துவிட்டுத் தேனீப் பெட்டி வைக்கிறேன் என்கிறான். சம்மதிக்கலாமா? – கவலைப்படும் அப்பா, சங்கரன்கோவில்

தாராளமாக. முதலில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆரம்பத்தில் நாலைந்து பெட்டி போதும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிக் கூட்டத்தைக் காப்பாற்றினால் பிறகு பெருக்கட்டும். தேன் விற்று மட்டும் பிழைக்க நினைத்தால் சர்க்கரைப் பாகு விற்பவனோடு விலைப்போட்டி போட வேண்டியிருக்கும். ஹிமாச்சல் ஆப்பிள்காரர்கள் பூக்கும் பருவத்தில் பெட்டிக்கு வாடகை தருகிறார்கள். உங்கள் பக்கத்துச் சூரியகாந்திக்காரர்களோ மணி பிடிக்க வேண்டுமென்று பூத்தட்டைத் துணியால் தடவ ஆள் விடுகிறார்கள். அந்தக் கூலிக் கணக்கைப் பையன் எழுதி எடுத்துக்கொண்டு போய் வாடகை கேட்கட்டும். முதல் வருஷம் சிரிப்பார்கள். மணி நிறைந்த தட்டைப் பார்த்தவர் மட்டும் மறுவருஷம் சிரிக்க மாட்டார், முன்பணம் தருவார்.