அரைச்சுவர் டைலின் மேல்விளிம்பு: கொஸ்லந்தை லயங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

டைல் பாதிச்சுவரோடு நின்றுவிடுவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படும்: ஈரம், காசு. இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டாவதே மூலகாரணம் என்பது இவ்வாய்வின் கருதுகோள். நான்கடி உயரத்தில் டைல் பெட்டி தீர்ந்துவிடும். அங்கேதான் தத்துவம் தொடங்குகிறது.

ஆய்வுக்களம், துரைமார் காலத்து லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடு. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அந்தப் பத்தடிக்குள்ளேயே சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளும், ஓரிடத்தில் கூனும். மேசன் பாஸ் தண்ணீர்க் குழாயால் மட்டம் பிடித்து, பள்ளத்தில் கலவையைத் தடிப்பாகவும் புடைப்பில் மெலிதாகவும் அப்பி, டைலை நேராக ஒட்டிவிடுகிறார். விளைவாக, மேல்விளிம்பு ஒரு மூலையில் சுவரோடு ஒட்டியும் மறுமூலையில் கட்டைவிரல் அகலத் திண்ணையாகவும் நிற்கும். அத்திண்ணையில் முதலில் தூசி குடியேறும். பிறகு தீப்பெட்டி, சவர்க்காரம், பிள்ளையின் பால்பல்.

இதற்குப் பரிகாரம் சொல்லும் கட்சிகள் மூன்று. அலுமினியக் கட்சியார் ‘ட’ வடிவப் பட்டி வைப்பார்கள். அதன் ஓட்டைபோட்ட கால் கடைசி வரிசை டைலுக்கு உள்ளே போகவேண்டும் என்பது கலவை இறுகிய பிறகே நினைவுக்கு வரும். அப்படியே வைத்தாலும் அது டைலின் எட்டு, பத்து மில்லிமீற்றரைத்தான் மறைக்கும். பின்னாலுள்ள கலவை பல்லிளிக்கும். கலண்டர் கட்சியார், கடையில் கொடுத்த கலண்டரை அவ்விடத்தில் தொங்கவிட்டு ஆய்வை முடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது பூச்சுக் கட்சி. என் சார்பும் அதுவே. சுவரை டைல் மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டும். வெட்டிய துண்டுகளைத் தரைப்பக்கம் தள்ளி, டைலின் வெட்டாத ஓரம் மேலே வரும்படி ஒட்டுக. மேலே பழைய பூச்சைக் கொத்தி, டைல் மட்டத்துக்குப் புதுப்பூச்சு பூசி, ஒன்றரையடி உயரத்துக்குள் பழைய சுவரில் கரைத்துவிடுக. காசு போதாதா? விளிம்பின்மேல் 45 பாகைச் சரிவில் சீமெந்து இழுத்தால் தண்ணீர் நிற்காது, தீப்பெட்டியும் நிற்காது. காசு போதிய இடத்திலோ, ஸ்பெயினின் கிரனாடாவிலுள்ள அல்ஹம்பிரா அரண்மனையில் அரைச்சுவர் ஓட்டுப்பதிப்பைக் கோட்டைமதிற் பல்வரிசையாக முடித்திருக்கிறார்கள். சுல்தானுக்கு ஆட்பஞ்சமில்லை.

ஒரு சட்டச்சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் லயத்துக்கு உறுதி கிடையாது. டைல் குடியிருப்பவருடையது, சுவர் தோட்டத்துடையது. இடையிலுள்ள கலவை யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டபீட மாணவர்களின் மேலாய்வுக்கு விடுகிறேன்.

கடைசியாக, கேலியில்லாத ஒரு விஷயம். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து மூடிய மீரியபெத்தை, கொஸ்லந்தையில்தான் இருக்கிறது. சுவரிலும் தரையிலும் புதிதாக விழும் வெடிப்பு மண்சரிவின் முன்னறிகுறிகளில் ஒன்று. பழைய பூச்சைக் கொத்தும்போது அப்படியொரு வெடிப்பைக் கண்டால் டைல் வைத்து மூடாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். மழை விடாமல் பெய்தால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே வெளியேறுங்கள்.