நாஷும் சுருக்குமடியும்

எழுபதுகளின் கடைசியில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது ‘கேம் தியரி’ என்பது பாடப்புத்தகத்தின் ஓரத்தில் ஒரு பத்தி. தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று யாரும் படிப்பதில்லை. யாரும் படிப்பதில்லை என்று கேட்பதும் இல்லை. இரு தரப்புக்கும் அதுவே வசதி. டி. பார்த்தசாரதியும் டி.இ.எஸ். ராகவனும் எழுதி 1971-ல் அமெரிக்காவில் வந்த நூலை, அட்டையில் நம்மூர்ப் பெயர்கள் இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். உள்ளே தேற்றத்தின் மேல் தேற்றம்.

“பேசாம பேங்க் பரீட்சை எழுதுடா” என்றார் அப்பா. 1994-ல் அதே கேம் தியரிக்காக நாஷ், ஹார்சானி, செல்ட்டன் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்ததும் அவரே தெருவில் என்னை அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். இப்போது கூட்டணிப் பேச்சு இழுத்தால்கூட டிவியில் ‘கேம் தியரி’ என்கிறார்கள். பிழைத்துப் போகட்டும்.

எனக்கு ஆய்வுக்கூடம் கடலூர் கடற்கரைதான். ஒருவர் சுருக்குமடி வலை வாங்கினால் மத்திக் கூட்டத்தையே வளைத்து அள்ளிவிடுவார். பக்கத்துப் படகுக்காரர் சும்மா இருப்பாரா? கடன்பட்டாவது வாங்குவார். எல்லோரிடமும் வலை வந்தபின் மீன் எல்லோருக்கும் குறைகிறது, கடன் மட்டும் நிற்கிறது. தனியாகக் கைவிடுபவருக்கோ முழு நட்டம். மற்றவர்கள் மாறாதவரை தனியாக மாறுபவருக்கு லாபமில்லை என்ற நிலைதான் நாஷ் சமநிலை; அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை. 2000-ல் அரசு தடை போட்டது, வலை போகவில்லை. தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “நாங்க விட்டா அவங்க விடுவாங்களா சார்?” என் முப்பது பக்கக் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். அவர் அடிக்குறிப்பு போடவில்லை.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அதே கடலூரில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. திடீரென்று யாருக்கும் ஞானம் வந்துவிடவில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டு. எவர் கிளம்பினாலும் துறைமுகத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுருக்குமடிக்கு இடைக்கால அனுமதி தந்தது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. அவ்வளவு தூரத்தில் யார் எந்தக் கிழமை வலை வளைத்தார் என்று பார்க்க ஆளும் படகும் டீசலும் வேண்டும். அவை இல்லாத நிபந்தனைக்கு என் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.