அரைத்த கூலி பாக்கி

அனுப்புநர்:
34 ஆண்டு ‘அனுபவம்’ உள்ள ஓர் இல்லத்தரசி,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு மேலாளர் அவர்கள்,
பாரம்பரிய மாளிகை விடுதி (பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்),
செட்டிநாடு.

பொருள்: இரண்டு இரவு தங்கவைத்ததற்கு நன்றி கூறுதலும், எனக்கு வரவேண்டிய 17,22,800 ரூபாயைக் கோருதலும் தொடர்பாக.

பார்வை: வரவேற்பு மேசையில் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கும் தங்கள் ‘அனுபவக் கட்டணப் பட்டியல்’.

ஐயா,

என் கணவர் ஓய்வுபெற்ற மறுவாரமே, “எங்கேயாவது வித்தியாசமா ஒரு இடத்துல தங்கணும்” என்று ஆரம்பித்தார். 34 வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பதே போதுமான வித்தியாசம் என்பது என் கட்சி. ஆனால் அவர் கைபேசியில் உங்கள் மாளிகையின் படத்தைப் பார்த்துவிட்டார். எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறி, இரவு காரைக்குடியில் இறங்கி, தங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து வரவேற்ற அந்தப் பெண், “மேடம், இந்தப் படியைத் தாண்டினா நூறு வருஷம் பின்னாடி போயிடுவீங்க” என்றாள். தாண்டினோம். அடுத்த நிமிஷமே கார்டு தேய்க்கும் இயந்திரத்தை நீட்டினாள். அது மட்டும் எங்களோடு பின்னால் வரவில்லை.

முதலில் அறையைப் பற்றி. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றைக் கொடுத்தீர்கள். ‘செட்டிநாட்டு மணமக்களின் அந்தரங்க மாளிகை’ என்று கதவில் ஒரு அட்டை. எனக்கும் அந்தப் பக்கத்துத் தோழிகள் உண்டு, ஐயா. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை ஒதுக்குவார்கள். சீராக வந்த பாத்திரங்கள், பெட்டி, துணிமணி எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டார் பெரும்பாலும் காற்றாட வெளித் தாழ்வாரத்தில்தான் படுப்பார்கள். அறைக்கு ஜன்னல் இல்லாத ரகசியம் இதுதான்: பித்தளைக் குடத்துக்குக் காற்று எதற்கு? அந்தக் குடம் இருந்த இடத்தில் எங்களை அடுக்கிவைத்தீர்கள். குடத்திடம் யாரும் வாடகை வாங்கியதில்லை.

வாடகை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓர் இரவுக்கு 7,600 ரூபாய். 7,500-ஐத் தாண்டிய அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நூறு ரூபாயை விட்டுக்கொடுக்க மனசில்லாமல், எங்கள் தலையில் ஓர் இரவுக்கு 1,368 ரூபாய் வரியை ஏற்றியிருக்கிறீர்கள். கடல் தாண்டிப் போய்ப் பர்மா, மலாயா, இலங்கையெல்லாம் வட்டிக்கடை வைத்து, பைசா பிசகாமல் கணக்கெழுதிய இந்த ஊர்க்காரர்களின் படங்களைச் சுவர் முழுக்க மாட்டிவைத்துக்கொண்டு இப்படிக் கணக்குப் போடலாமா? ராத்திரி அவர்கள் சட்டத்திலிருந்து இறங்கி வந்தால் நான் பொறுப்பில்லை.

அடுத்தது, தாங்கள் கண்டுபிடித்திருக்கும் சர்வரோக நிவாரணி. வெந்நீர் வரவில்லை என்றோம். “பழைய வீடு சார், பாரம்பரியம்” என்றார்கள். நிலைப்படி இடித்து என் கணவர் நெற்றி வீங்கியது. பாரம்பரியம். வளவில் மேல்கூரை கிடையாது, அதனால் ஊர்க் கொசுவெல்லாம் நேரே உள்ளே இறங்கியது. பாரம்பரியம். காபி ஆறிப்போய் வந்தது. அதற்கும் அந்தப் பையன் ‘பா’ என்று வாயெடுத்தான், நான் முறைத்ததும் சூடாக்கிக் கொண்டுவந்தான். ஒன்றே ஒன்றை மட்டும் பாரம்பரியத்தில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்: கழிவறை. அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். முழுப் பாரம்பரியம் என்றால் விடியுமுன் செம்போடு கண்மாய்க்கரைக்கு நடந்திருக்க வேண்டும்.

ஊர் சுற்றிக்காட்டத் தாங்கள் அனுப்பிய வழிகாட்டித் தம்பி கெட்டிக்காரர். பிள்ளையார்பட்டியில் பாறையில் குடைந்த கற்பக விநாயகர், குன்றக்குடி மலை, 1687-இல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை என்று ஒரே பகலில் எங்கள் முழங்காலைத் தீர்த்துவிட்டார். கானாடுகாத்தானில் நான்கு மாளிகைகள். சுவரைத் தட்டிக் காட்டி, சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது, கை வைத்தால் பட்டுப்போல வழுக்கும் என்றார். வழுக்கியது. ஆனால் முதல் வீட்டில் பத்தாயிரம் முட்டை என்றார், இரண்டாவது வீட்டில் லட்சம், நான்காவது வீட்டில் கோடி. ஐந்தாவது வீட்டுக்குப் போயிருந்தால் தமிழ்நாட்டில் கோழி இனமே அற்றுப்போயிருக்கும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்தோம். கண்ணாடிப் பலகைமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவருகிறது. அத்தனையும் கைவேலை. “இது மிதிக்க மிதிக்கத்தாம்மா மெருகேறும்” என்றார் அங்கிருந்த பெரியவர். என் கணவர் என் பக்கம் திரும்பி ஏதோ உவமை சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டார்.

இரவு ‘ஆச்சி கைமணம்’ விருந்து. ஆச்சியைப் பார்த்து நாலு வார்த்தை பேசலாம் என்று அடுப்படிக்குப் போனேன். ஆச்சிக்கு இருபத்தெட்டு வயசிருக்கும், நல்ல அடர்த்தியான மீசை, காதில் பாட்டுக் கருவி. தப்பில்லை, தம்பியின் கை ருசியான கைதான். ஆனால் சுள்ளென்று மிளகாயைக் கொட்டிய கோழியை மட்டும் வைத்து அதுதான் செட்டிநாடு என்றால் எப்படி? வெள்ளைப் பணியாரம் எங்கே, கும்மாயம் எங்கே, பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி எங்கே? கேட்டேன். “அதெல்லாம் கெஸ்ட் கேக்கறதில்ல மேடம்” என்றார் மீசை ஆச்சி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கட்டணப் பட்டியல்.

கோலம் போடும் அனுபவம், 300 ரூபாய்.
பல்லாங்குழி அனுபவம், 250 ரூபாய்.
மாட்டுவண்டி அனுபவம், 600 ரூபாய்.
அம்மி அரைக்கும் அனுபவம், அரை மணி நேரம், 500 ரூபாய். வரி தனி.
முகப்பில் அமரும் அனுபவம், இலவசம்.

படித்துவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். கோலம் போட்டதும் அம்மி அரைத்ததும் ‘அனுபவம்’ என்று இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லையே! ‘சட்னி ஏன் இன்னும் ஆகலை’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

1991-இல் கல்யாணம். கோவில்பட்டிப் பக்கம் புகுந்த வீடு, எட்டுப் பேர். மிக்ஸி சத்தம் மாமியாருக்கு ஆகாது, மிக்ஸிச் சட்னி மாமனாருக்கு இறங்காது. 1999-இல் மாமனாரே மனமிறங்கி ஒரு மிக்ஸி வாங்கித்தரும் வரைக்கும் எட்டு வருஷம் அம்மிதான். அந்த எட்டு வருஷத்தில் என் கணவர் அடுப்படிக்குள் கால்வைத்தது தண்ணீர்ச் சொம்பு தேடித்தான்.

அந்த மனிதர், ஐயா, தங்கள் மேசையில் 500 ரூபாயும் வரியும் கட்டி, ‘அம்மி அனுபவம்’ என்று ரசீது வாங்கிக்கொண்டார்.

வீட்டின் இரண்டாம் கட்டில் அம்மி. தலையில் துண்டு கட்டிவிட்டீர்கள். படம் எடுக்க ஒரு பையன். என் கணவர் சம்மணம் போட முடியாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நாலு மிளகாய், ஒரு சில்லுத் தேங்காய், கொஞ்சம் புளி வைத்து அரைக்க ஆரம்பித்தார். மூன்று நிமிஷம். மூச்சு வாங்கியது. ஐந்தாவது நிமிஷம் மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அழுததைப் பாரம்பரியம் என்று எடுத்துக்கொண்டு பையன் படமாக எடுத்துத் தள்ளினான். பத்தாவது நிமிஷம் குழவியை வைத்துவிட்டு, “ஏம்மா, இது ரொம்பக் கஷ்டமா இருக்கேம்மா” என்றார்.

34 வருஷம் கழித்து, 590 ரூபாய் செலவழித்து, என் கணவர் கண்டறிந்த உண்மை இது. இதற்காகவாவது தங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? முகப்பில். அந்தக் காலத்தில் ஆண்கள் சாய்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்த இடம். பெண்களுக்கு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வகுத்துவிட்டு முன்பக்கத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட இடம். பர்மாத் தேக்குத் தூணில் முதுகைச் சாய்த்து, ஆத்தங்குடிக் கல்லில் காலை நீட்டி, கையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். ‘அழுகை’ கேட்டுத்தான் எழுந்து உள்ளே போனேன். தங்கள் பட்டியலிலேயே உருப்படியான சரக்கு அந்த இலவச அனுபவம்தான். அதற்கு எவ்வளவு போட்டாலும் தகும்.

என் கணவர் கைவிட்ட குழவியை எடுத்து, இரண்டே இழுப்பில் துவையலை வெண்ணெயாக்கினார் ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும். செய்துகாட்டத் தாங்கள் வரவழைத்திருக்கும் உள்ளூர்க்காரர். பேச்சுக் கொடுத்தேன்.

“ஒரு ஆளுக்கு எவ்வளவும்மா தர்றாங்க?”

“நாப்பது ரூவா குடுக்குறாக தாயி. ஆள் வந்தாத்தான். வராட்டி இல்ல.”

500-இல் 40. மிச்சம் 460 யாருடைய அனுபவம் ஐயா?

போகும்போது அவர் முன்வாசல் வழியாகப் போகவில்லை. தங்கள் மாளிகைக்கு ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முழு வீட்டையும் நடந்து கடந்து, பின்கதவைத் திறந்து போனார். வீடு கட்டிய நாளில் வேலைக்காரர்கள் வந்துபோன அதே கதவு. எத்தனையோ பாரம்பரியத்தைச் சுண்ணாம்படித்து மறைத்துவிட்டீர்கள். இதை மட்டும் முட்டைக்கரு போட்டு இழைத்த சுவர் மாதிரி, ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி வருகிறீர்கள்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்ததும் போட்ட முதலெல்லாம் போய், கால்நடையாக ஊர் திரும்பியவர்கள் அதற்கு முன்பே கட்டிய வீடுகள் இவை. பிறகு ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளிகள், நாற்பது ஊர்களில். பூட்டிய கதவு கரையான் பிடித்து, ஓடு சரிந்து, கடைசியில் தூண் ஒருவிலை, நிலை ஒருவிலை என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு கடையில் யார் யாருக்கோ சீராகப் போன எனாமல் தூக்குச்சட்டிகள் விலைச்சீட்டோடு வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் ஓடு ஒழுகாமல் இருக்குமா? விடுதியாக்கியதால்தான் உங்கள் வளவில் இன்னும் விளக்கு எரிகிறது. அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் காப்பாற்றுவது என்றால் தூணை மட்டுமா? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அட்டை வைத்திருக்கிறீர்கள். அத்தனை பேருக்கும் அரைத்த கை எங்கிருந்து வந்தது என்று இரண்டாம் கட்டில் ஓர் அட்டையும் காணோம். அந்த வேலைக்கு முதன்முதலாக ஒரு விலை போட்டது நீங்கள்தான். விலை போட்டுவிட்ட பிறகு கணக்குத் தீர்க்க வேண்டாமா? ஆகவே என் கணக்கு கீழே:

எட்டு வருஷம், வருஷத்துக்கு 365 நாள், ஆக 2,920 நாள். நாளுக்கு ஒருமுறை மட்டும், தங்கள் பட்டியல் விலை 500 வீதம் 14,60,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம், 2,62,800. ஆக மொத்தம் 17,22,800 ரூபாய். லீப் வருஷங்களில் வந்த இரண்டு நாளைத் தள்ளுபடியாக விட்டுவிட்டேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன நாட்களைக் கழிக்கவில்லை, அங்கேயும் நான்தான் அரைத்தேன்.

இதைத் தாங்கள் தரமாட்டீர்கள். அரைத்தது தங்கள் வீட்டில் இல்லை என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். தங்கள் வீட்டிலேயே அரைப்பவருக்கு என்ன பதில்? எனவே, கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்கு 500-இல் பாதியையாவது கொடுங்கள். ஆள் வராத நாளுக்கும் ஒரு கூலி வையுங்கள். அவர் முன்வாசல் வழியாக வரட்டும். வந்தவுடன் முகப்பில் உட்காரவைத்து, எனக்குக் கொடுத்தது போல ஒரு டம்ளர் காபி கொடுங்கள். சூடாக.

இப்படிக்கு,
அறை எண் 4-இல் இருந்த பித்தளைக் குடம்.

பி.கு.: ஊர் திரும்பியதிலிருந்து எங்கள் வீட்டில் சட்னி அரைப்பது என் கணவர்தான். மிக்ஸியில்தான். தங்கள் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்துவைத்திருக்கிறார். மாதக் கடைசியில் 15,000 ரூபாய் கேட்கிறார், வரி தனியாம்.